தொடாத கண்

மறுபடியும் சொட்டு மருந்து. கண்ணைத் திறங்க என்றுகூடச் சொல்லவில்லை. நர்ஸ் பெண் இரண்டு விரலால் இமையைப் பிளந்து, விட்டு, அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். பாதி கண்ணுக்குள் போனது, பாதி கன்னத்தில் வழிந்தது. உள்ளே போன பாதியும் எங்கோ ஒரு சந்து பிடித்து இறங்கித் தொண்டைக்கு வந்து கசந்தது. கண்ணில் விட்டது வாயில் கசக்கிறது. அப்படியானால் இந்தத் தலைக்குள் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. மாசானத்துக்குக் குமட்டியது. துப்பலாம் என்றால் இடமில்லை, தரை கண்ணாடி மாதிரி கிடக்கிறது. துடைக்கலாம் என்றால் கை வைக்கக் கூடாது. சுவரோடு வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் பச்சை அங்கி, பச்சைத் தொப்பி, நெற்றியில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி, அத்தனை பேருக்கும் ஒரே வேஷம். ஆண் எது பெண் எது என்றுகூடச் சட்டென்று தெரியவில்லை. எல்லாரும் அண்ணாந்து சாய்ந்து ஒழுகிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஒரு கிழவிக்குக் கண்ணிலிருந்து வழிந்தது கழுத்து மடிப்பில் போய்த் தங்கி நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான், கடைவாயில் ஒரு நூல். இதையெல்லாம் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இடது கண்ணில் போன மாசம் புரையை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லு வைத்து அனுப்பியிருக்கிறார்கள், அது பார்க்கிறது, சொல்லாமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் பார்க்கிறது.

அந்தக் கண் கட்டவிழ்த்த மறுநாள் பகவதி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் விளிம்பில் ஒரு பழுப்பு வளையம். எத்தனை வருஷமாக அதில் வாயை வைத்துக் குடித்திருக்கிறோம். குளியலறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை, தலையணையில் தன் தலை கிடந்த இடத்தில் எண்ணெய் வரைந்த ஒரு மண்டை, மருமகன் தோளில் பொடுகு, பகவதியின் முன்பல் இரண்டுக்கும் நடுவே காவி. இத்தனை காலம் ஒரு மஞ்சள் துணிக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு. துணியை எடுத்ததும் வீடு மொத்தமும் அழுக்கு. 'என்ன அப்படிப் பாக்கிய, புதுப் பொண்டாட்டியப் பாக்கது மாதிரி' என்று அவள் வெட்கப்பட்டாள். பாவம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் மூக்குத்தி ஓட்டையில் காய்ந்திருந்த அழுக்கை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் மறுபடியும் மஞ்சள், மறுபடியும் அவள் பழைய பகவதி. ஒரு மாசமாக அப்படித்தான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்த மஞ்சளையும் எடுத்துவிடப் போகிறார்கள். எடுத்தபிறகு ஒளிந்துகொள்ள ஒரு கண்ணும் கிடையாது.

ரத்தம் என்றால் அவருக்கு ஒன்றுமில்லை. மார்க்கெட் முக்கில் கறிக்கடை போட்டு விடிய விடிய ரத்தத்தில் கைவைத்த மனுஷன். ரத்தத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, சூடாக வரும், உறையும், கழுவினால் போய்விடும். தண்ணிதான் அவருக்கு ஆகாது. ஆட்டின் மூக்கில் நிற்கும் தண்ணி, கடைசி நேரத்தில் அதன் வாயில் கோழையாக இறங்கும் தண்ணி, பித்தப்பை கிழிந்தால் கறியெல்லாம் பச்சையாகப் பரவும் தண்ணி. தலைக்கறி கேட்கிறவர்களுக்குக் கண்ணைத் தோண்டிக் கொடுக்கும்போது கத்தி நுனி பட்டு அது பீச்சியடிக்கும். ஒரு தடவை உதட்டில் பட்டது, உப்பு. அன்றைக்கு முழுக்க அவரால் சாப்பிட முடியவில்லை. ஊர் முழுக்கக் கறி தின்கிற நாளில் கறிக்கடைக்காரன் மோர் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தான்.

அதனால்தான் காலையில் அந்த ஆராய்ச்சிப் பிள்ளை வந்து கேட்டபோது முகத்தைச் சுளித்துவிட்டார். மாடியில் சோதனைக்கூடமாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பிள்ளை, குந்தி உட்கார்ந்து மரியாதையாகத்தான் கேட்டது. "ஐயா, கண்ணுக்குள்ள முன்பக்கம் கொஞ்சம் தண்ணி இருக்கும். ஆபரேஷன் ஆரம்பிக்கும்போது அதுல கொஞ்சம் எப்படியும் வெளிய வரத்தான் செய்யும். அதுல ஒரு சொட்டு மட்டும் நாங்க எடுத்துக்கலாமா?"

"அத எடுத்து என்ன செய்யப் போறிய?"

"கண்ணுல கத்தி பட்டா உடம்பு அந்தத் தண்ணிக்குள்ள சில பொருள விடும் ஐயா. இங்க காயம் பட்டிருக்கு, வாங்கன்னு மத்த இடத்துக்குச் சேதி சொல்ற பொருள். ஒரு கண்ணு செஞ்ச பிறகு, தொடாத கண்ணுத் தண்ணியிலயும் அது கூடியிருக்கு, சில பேருக்கு. அதனாலதான் ரெண்டாவது கண்ணு செய்யும்போது கொஞ்சம் கூடுதலா வலிக்குதோன்னு பாக்கறோம்."

"தொடாத கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் ஐயா பாக்கறோம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கண்ணுத் தண்ணி எவன் பாட்டிலிலும் கிடக்க வேண்டாம். பிள்ளை வற்புறுத்தவில்லை, சரிங்க ஐயா என்று எழுந்து போய்விட்டது. ஆனால் அது விட்டுப்போன பேச்சு போகவில்லை. தொடாத கண்ணுக்குத் தெரியும். இந்த வலது கண் ஒரு மாசமாகச் சும்மா இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தார். அது உள்ளுக்குள் ஊறிக்கொண்டு இருந்திருக்கிறது. பக்கத்துக் கண்ணில் நடந்ததைக் கேட்டு, தண்ணியைக் கலக்கிக்கொண்டு, தன் முறைக்குக் காத்துக்கொண்டு. கேட்க எப்படியோ இருக்கிறது. மூக்குத்தண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கோள்மூட்டி உட்கார்ந்திருப்பது மாதிரி. கடையில் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார், ஒரு கிடாய் பார்க்க இன்னொரு கிடாயை அறுக்கக் கூடாது. பின்பக்கம் சாக்குப்படுதா போட்டு, அதற்கும் அப்பால் வேப்பமரத்தில்தான் அடுத்ததைக் கட்டுவார். பார்க்காது, சத்தமும் கேட்காது. இருந்தாலும் முதலாவது விழுந்ததும் இரண்டாவது அசைபோடுவதை நிறுத்தும். வாயில் பாதி இலை நிற்கும். கிட்டப் போய்த் தொட்டால் தோல் இறுகியிருக்கும். முதல் ஆடு தானாக வரும், இரண்டாவதைத்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். வாசனை பிடிக்குது என்று அவராக ஒன்று நினைத்துக்கொண்டிருந்தார். வாசனையோ, தண்ணியோ. இப்போது அந்த வேப்பமரத்தடியில் கட்டிப்போட்டது அவரைத்தான். போன தடவை கத்தி பட்டது எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இல்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இந்தத் தடவை தோல் இறுகுவது அவருக்கே தெரிகிறது. எழுந்து போய்விட்டால் என்ன. வெளியே பகவதி எலுமிச்சஞ்சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மஞ்சள் ஒரு கண்ணில் இருந்துவிட்டுப் போகட்டுமே.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மருந்து வாடையை மீறிக்கொண்டு, நெய் காய்ந்த வாடையும் புகையிலையும் சேர்ந்து, அதற்கும் அடியில் துவைக்காத துணியில் காய்ந்த சளி. மூக்குப்பொடி. அவர் திரும்பவில்லை. திரும்பாமலே யார் என்று தெரிந்துவிட்டது. பொடி போடுகிறவன் ஊரில் ஆயிரம் பேர் இருப்பான், ஆனால் இந்த நாற்றம் ஒருத்தனுடையது. சின்ன வயசில் ஒரே பாயில் படுத்தபோது இந்தப் பக்கம் முகம் திருப்பாமல் தூங்கப் பழகியது இந்த நாற்றத்துக்குப் பயந்துதான். கூடப் பிறந்தவன். மூத்தவன். சொரிமுத்து. நர்ஸ் பெண் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுவந்து, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில், இத்தனை நாற்காலி இருக்க இந்த நாற்காலியில், உட்கார வைத்துவிட்டாள்.

பார்க்க வேண்டாம் என்று இருந்தார். ஆனால் இடது கண் அந்தப் பக்கம். அது பார்த்தது. மூக்குத் துவாரம் இரண்டும் பழுப்பேறி, மேலுதட்டில் இரண்டு கறை. காது மடலில் நீண்ட மயிர். அங்கிக்கு அடியில் இடுப்பில் ஒளித்துச் செருகியிருந்த துண்டு ஒரு முனை வெளியே வந்து, விறைத்துப்போய், பலகை மாதிரி நின்றது.  ஒரு கண் எப்போதோ பனைமட்டைச் சிராய் ஏறிப் போனது, வெள்ளைக் குழியாக மூடிக் கிடக்கிறது. இன்னொன்றில் தயிர் உறைந்த மாதிரி முற்றிப்போய் இருக்கிறது. கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு இரண்டு கயிறு மாதிரி. எப்போது இவ்வளவு கிழவனானான்? கடைசியாக நேருக்கு நேர் பார்த்தபோது மீசை கறுப்பு. கையில் அரிவாள் இருந்தது. என் கையிலிருந்து வாங்கின அரிவாள்.

குலசாமி கோயில் கொடைத் திருவிழா. மகளுக்கு அம்மை இறங்கிப் பிழைத்ததற்கு நேர்ந்து விட்ட கிடாய், மாசானத்தின் கிடாய், வெட்டுவதும் அவர்தான். அந்த வம்சத்தில் அவர் கைதான் அதற்கென்று இருந்தது. மாலை போட்டு நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணி ஊற்றி, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது, அதற்கும் சம்மதம். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. அது நின்றது. தண்ணி நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்க, அவரையே பார்த்துக்கொண்டு, கல்லாக நின்றது. மறுபடியும் ஊற்றினார்கள். மேளம் நின்றுவிட்டது. கொடையை முன்னின்று நடத்திய சொரிமுத்து எழுந்து வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "தெனமும் துட்டுக்கு அறுக்க கை. அதான் சாமி ஒத்துக்க மாட்டேங்கு" என்று அரிவாளை வாங்கித் தன் மச்சினன் கையில் கொடுத்தான். மச்சினன் செம்பை வாங்கி மூன்றாவது தடவையாக ஊற்றினான். கிடாய் தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது. குலவை விண்ணைப் பிளந்தது. அவன் எங்கே ஊற்றினான் என்று மாசானம் பார்த்தார், காதுக்குள். காதில் தண்ணி போனால் எந்த ஆடும் சிலுப்பும், செத்த ஆடுதான் சிலுப்பாது. சொல்ல வாயெடுத்தார். குலவையில் யார் காதிலும் விழவில்லை. பார்த்த இன்னொருவன் சொரிமுத்து, அவனுக்கு அப்போது ஒரு கண் இருந்தாலும் நல்ல கண். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணிதான், அன்றைக்கும் தண்ணிதான். அதற்கப்புறம் கொடைக்குப் போகவில்லை. மதினி செத்ததற்குப் போகவில்லை. எதிரே வந்தால் தெருவை மாற்றினார்கள் இரண்டு பேரும். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை.

"தாத்தா, போன தடவையும் இதே சேர்ல இருந்துதான் எழுந்து ஓடுனீங்க" என்று நர்ஸ் பெண் அவனுக்கு மருந்து விட்டாள். "அதுக்கு முந்தின தடவையும். டாக்டர் என்ன சொன்னாங்க? ரொம்ப முத்திருச்சு. இன்னும் தள்ளிப்போட்டா உள்ள அழுத்தம் ஏறி இருக்கிற ஒரு கண்ணும் போயிரும்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாவ தாயி."

"அப்புறம் என்ன பயம்?"

"ஒனக்கென்ன, ரெண்டு கண்ணு வச்சிருக்கிற. எனக்கு ஒரு கடை, அதுல ஒரு சரக்கு. கைதவறிப் போட்டுட்டா எங்க போயி வாங்குவேன்?"

அவள் சிரித்தாள். "பக்கத்துல இருக்கிற தாத்தாவக் கேளுங்க. அவருக்கு ஒண்ணு முடிஞ்சு, இது ரெண்டாவது. ஜம்முனு இருக்காரு." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இந்தப் பெண்களுக்கு வாய் ஒரு இடத்தில் நிற்காது.

சொரிமுத்து திரும்பினான். உறைந்த தயிர் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. பச்சையாக ஒரு குவியல் தெரிந்திருக்கும். இந்தத் தொப்பியும் அங்கியும் போட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. "அண்ணாச்சி" என்றான். "ஒரு கண்ணு செஞ்சிட்டியளோ?"

அண்ணாச்சி. தம்பியைப் பார்த்து அண்ணாச்சி. இதை ஊரில் நான்கு பேர் கேட்டிருக்க வேண்டும். மாசானத்துக்குச் சிரிப்பு வந்து நெஞ்சில் முட்டியது, அடக்கினார். பேசினால் போச்சு. இந்தக் குரலை அவன் மறந்திருக்க மாட்டான். தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டியது அவனுக்குத் தெரியவில்லை.

"காது மந்தமோ?" என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு, குனிந்து சத்தமாக, "வலிச்சுதா அண்ணாச்சி?" என்றான். பொடி நாற்றம் மூஞ்சியில் அடித்தது. கை நாற்காலிப் பிடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. நகத்திடுக்கில் பொடி. கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது, கிணற்றுக் கப்பியில் மாட்டினது, சின்ன வயசில், கயிற்றை இழுத்தது மாசானம். அதெல்லாம் இப்போது எதற்கு. நடுங்கட்டும். அன்றைக்கு நான் நடுங்கவில்லையா கூட்டத்துக்கு நடுவில். எழுந்து ஓடட்டும். ஓடி, இருக்கிற ஒன்றும் அவிந்து, மருமகள் கைபிடித்துக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். அந்தக் காதில் ஊற்றின தண்ணியைப் பார்த்த கண்தானே, பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட கண்தானே, போனால் என்ன. நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கண்ணிலிருந்து மருந்து வழிந்து ஒட்டிய கன்னத்தில் இறங்கி, மூக்கோரப் பொடியில் கலந்து பழுப்பாக வாய்க்குள் போனது. அவன் அதை நக்கி முழுங்கினான். மாசானத்தின் தொண்டையில் கசந்தது. அவன் முழுங்கியது இங்கே கசக்கிறது. இது என்ன அசிங்கம். திரும்பிக்கொண்டார், கசப்பு திரும்பவில்லை. தோல் இறுகியிருக்கிறது, அவனுக்கா தனக்கா என்று தெரியவில்லை. இங்கேயிருந்து எழுந்து போகிறவன் யார்? இரண்டு பேருமே காலை ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறோம், வேப்பமரத்தடியில், பாதி இலையை வாயில் வைத்துக்கொண்டு.

அவன் எழுந்துவிட்டான். நிஜமாகவே எழுந்துவிட்டான். கை காற்றைத் தடவிக்கொண்டு, எந்தப் பக்கம் வாசல் என்று தேடி, இடது காலை முன்னே வைத்தான். அங்கியின் பின்பக்க முடிச்சு அவிழ்ந்து எலும்பு முதுகு தெரிந்தது.

"வலிக்காது" என்றார் மாசானம்.

குரல் தன் குரலாகவே வந்துவிட்டது. கடையில் நின்று அதட்டுகிற அதே குரல். கால் அப்படியே நின்றது. மாசானத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வந்த ஆத்திரத்தை அவன் மேலேயே போட்டார். "மொத கண்ணு ஒண்ணும் செய்யாது. மயக்க ஊசிதான், சுருக்குனு ஒரு எறும்புக் கடி. அதுக்கப்புறம் படுத்துக் கிடந்தாப் போதும். ரெண்டாவது கண்ணுதான் வலிக்கும்ங்காவ."

அவன் நின்றபடியே இருந்தான். காதைச் சாய்த்துக்கொண்டு, பேச்சு முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறவன் மாதிரி.  பிறகு பின்னால் கையைத் துழாவி, நாற்காலியைக் கண்டுபிடித்து, மெள்ள உட்கார்ந்தான்.

"எனக்கு ரெண்டாவதே கெடையாதே மாசானம்" என்றான்.

இரண்டு பேரும் அண்ணாந்து சாய்ந்திருந்தார்கள்.  எதிரே தூங்குகிறவனின் குறட்டை கேட்டது. கிழவியின் கழுத்து மடிப்பில் நின்ற தண்ணி வழிந்துவிட்டிருந்தது. தலைக்குள் பத்துப் பேச்சு முட்டியது, காதில ஊத்துனத நீ பாத்தியா இல்லையா, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு, எல்லாம் நாக்கு வரைக்கும் வந்து கசப்போடு கசப்பாக நின்றது. கேட்டால் அவன் எழுந்துவிடுவான். கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது. மாசானம் கேட்கவில்லை.

"சொரிமுத்து யாரு? வாங்க தாத்தா." உள்ளேயிருந்து வேறொரு நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள். இடுப்பைப் பார்த்துவிட்டாள். "ஐயையோ, என்ன இது? இதெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது. யார்கிட்டயாவது குடுங்க."

அண்ணன் துண்டை உருவினான். சுருட்டினான். பச்சைக் குவியல் இருந்த பக்கமாக, கொஞ்சம் தள்ளி, காற்றில் நீட்டினான். "ஏல, இதப் பிடி. மடிப்புக்குள்ள பொடி மட்டை இருக்கு, கொட்டிராத."

பிடிக்க வேண்டியதாயிற்று. கை ரேகையில் பிசுபிசுத்தது. முனையில் விறைப்பு, நடுவில் ஈரம். எத்தனை வருஷத்துச் சளி.  கதவு திறந்தது, எலும்பு முதுகு உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. கீழே போட்டுவிடலாம். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, பெருக்குகிறவள் வந்து எடுத்துக்கொள்வாள். இரண்டு விரலால் மட்டும் பிடிக்கலாமா என்று பார்த்தார், மட்டை நழுவியது. அப்புறம் இரண்டு கையாலும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"தாத்தா, கடைசிச் சொட்டு. அடுத்தது நீங்கதான்." நர்ஸ் பெண் வலது இமையைப் பிளந்தாள். பாதி கண்ணுக்குள் போனது. மிச்சம், தலை சாய்ந்திருந்ததால், கன்னத்துக்கு வராமல் பொட்டு வழியாக ஓடிக் காதுக்குள் இறங்கியது. குளிர்ந்து, சில்லென்று, நேராக உள்ளே. பல்லைக் கடித்தார். அசையாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். தோளில் தொடங்கி, முதுகு, இடுப்பு, தொடை, கால்விரல்வரை உடம்பு ஒரு தடவை சிலுப்பியது.

"குளிருதா தாத்தா?"

அவர் குனிந்து, இடது கண்ணால், துண்டின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். பொடி கொட்டவில்லை.